‘முன்’ படத்தில் இருப்பது யார் முகம்?

அலங்காரத்தைப் பற்றி நம்முடைய சிந்தனையாளர்களுக்கு இரண்டே கருத்துதான். ஒன்று, அது பொம்பளைங்க வெட்டி வேலை. இன்னொன்று, அது முதலாளியம் பெண் உடல்மீது திணித்த சரக்கு. இரண்டையும் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். சொல்லிவிட்டு, தங்கச்சி கல்யாணத்துக்கு நல்லா மேக்கப் போடுற பொண்ணு யாருன்னு அவர்களும் விசாரிக்கத்தான் செய்கிறார்கள். இந்தக் கட்டுரை அப்படி விசாரிக்கப்படுகிற பெண்களைப் பற்றியது. வேலை பிடிப்பதற்காக அவர்கள் இன்ஸ்டாகிராமில் வைத்திருக்கும் பக்கங்களைப் பற்றியது. ஒரு சிறுகதைத் தொகுப்பு வந்தால் இதில் யார் பேசுகிறார்கள், யார் பேசவில்லை, யாருடைய கண்ணால் எழுதியிருக்கிறது என்று கேட்கிறோம் அல்லவா? அதே கேள்விகளை இந்தப் பக்கங்களிடமும் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. தொகுப்பு முந்நூறு பிரதி விற்றால் அதிகம். இந்தப் பக்கங்களை ஊரிலும் சேரியிலும் பெண்கள் தினமும் பார்க்கிறார்கள்.

நான் பார்த்தவை காஞ்சிபுரத்துப் பக்கங்கள். அதிலும் திருப்பருத்திக்குன்றம், பிள்ளையார்பாளையம், செவிலிமேடு பக்கம் இருந்துகொண்டு தொழில் செய்கிறவர்களுடையவை. இது கல்யாணத்தை நம்பிப் பிழைக்கிற ஊர். முகூர்த்தப் பட்டு எடுக்க எங்கெங்கிருந்தோ வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். தறியை நிறுத்திவிட்ட வீடுகளில் இன்றைக்குப் பொண்ணுங்க கம்பெனி வேனுக்குப் போகிறார்கள், அல்லது மூன்று மாதக் கோர்ஸ் படித்துவிட்டு மேக்கப் பெட்டியைத் தூக்குகிறார்கள். காலனிப் பெண்களும் அப்படித்தான் வந்திருக்கிறார்கள்.

திருப்பருத்திக்குன்றம் என்றால் படித்தவர்களுக்கு நினைவுக்கு வருவது சமணக் கோயில். ஜினகாஞ்சி என்று இதற்குப் பெயர். திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை 1387இல் விஜயநகர அமைச்சன் இருகப்பன் கட்டுவித்தான் என்று கல்வெட்டு சொல்கிறது. மண்டபத்தின் விதானத்தில் பின்னால் வந்தவர்கள் தீர்த்தங்கரர்களின் கதையை ஓவியமாகத் தீட்டியிருக்கிறார்கள். பிறந்த குழந்தையை இந்திரன் மேருமலைக்குக் கொண்டுபோய் நீராட்டுவது, கண்ணன் கதை என்று பட்டை பட்டையாகப் படங்கள் ஓடும். படத்துக்குக் கீழே இது இன்ன காட்சி என்று தமிழில் எழுத்து இருக்கும். இன்றைக்கு ரீல்சுக்குக் கீழே எழுதுகிறார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரிதான். 1934இல் டி.என். ராமச்சந்திரன் இந்தக் கோயில்களைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். கட்டுவித்தவன் பெயர் கல்லில் நிற்கிறது. புத்தகம் எழுதியவர் பெயர் அட்டையில் நிற்கிறது. அத்தனை முகங்களுக்கும் மஞ்சளும் செந்தூரமும் அரைத்துப் பூசியவன் எவன் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

அலங்கரிக்கிற தொழிலுக்கு இந்த நாட்டில் கையெழுத்துப் போடும் உரிமை இருந்ததில்லை. சாமிக்கு அலங்காரம் செய்கிற குருக்களை விட்டுவிடுங்கள், அவர் கதை வேறு. மனித உடம்பைத் தொட்டு அழகு பண்ணியவர்களைச் சொல்கிறேன். மாப்பிள்ளைக்குச் சவரம் செய்தவர், மாற்றுத்துணி விரித்த வண்ணார், பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சி எல்லோரும் கல்யாணத்தில் இருந்தார்கள், கூலியாக நெல்லும் வேட்டியும் வாங்கினார்கள், பந்தியில் கடைசியாகத் தனியாகச் சாப்பிட்டார்கள். உடம்பைத் தொட்டவன் கைக்குத் தீட்டு. தொடப்பட்ட உடம்பு சுத்தமாகிவிடும். சேரிக்கு அந்தக் கையும் வராது. ஊர் நாவிதர் பறையர் தலையைத் தொடமாட்டார். சேரிக்கென்று புதிரை வண்ணார் இருந்தார். பார்த்தாலே தீட்டு என்று அவரை ஒதுக்கிவைத்து, நமக்குக் கீழேயும் ஒரு ஆளைப் படைத்துக் கொடுத்த ஏற்பாடு இது. தலித்துக்கு முடிவெட்ட மறுத்த கடை என்று இன்றைக்கும் தமிழ்நாட்டில் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது.

அலங்காரத்தை வெட்டி வேலை என்கிறவர்கள் இன்னொன்றையும் படிக்க வேண்டும். 1930 டிசம்பரில் ராமநாதபுரத்தில் ஆதிதிராவிடர்கள்மீது கள்ளர்கள் விதித்த எட்டுத் தடைகளை ஹட்டன் என்ற அதிகாரி எழுதி வைத்திருக்கிறார். தங்க வெள்ளி நகை போடக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே துணி கட்டக்கூடாது. கிராப் வெட்டக்கூடாது. பெண்கள் மேலுடம்பை மூடக்கூடாது. பூ வைக்கக்கூடாது. முகத்துக்குப் பூச்சு பூசக்கூடாது. அந்தப் பூச்சை வெள்ளைக்காரர் குங்குமப்பூக் குழம்பு என்று எழுதியிருக்கிறார். ராமநாதபுரத்துச் சேரியில் குங்குமப்பூவுக்கு எங்கே போவது? அது மஞ்சளாகத்தான் இருந்திருக்கும். ஒரு கொத்துப் பூவுக்கும் ஒரு துண்டு மஞ்சளுக்கும் சட்டம் போட்டுத் தடுத்தார்கள், மீறினால் குடிசையைக் கொளுத்தினார்கள். ஒரு பெண் முகத்தில் மஞ்சள் பூசினால் அவர்கள் எதையோ இழந்தார்கள் என்றுதானே அர்த்தம்?

அம்பேத்கருக்கு இது தெரிந்திருந்தது. 1927 டிசம்பரில் மகாத்தில் பெண்களிடம் தனியாகப் பேசும்போது அவர் சொன்னது சேலைக் கட்டைப் பற்றித்தான். உங்களைத் தீண்டத்தகாதவர் என்று காட்டிக்கொடுக்கிற மாதிரி முழங்கால் தெரியக் கட்டாதீர்கள், கழுத்திலும் கையிலும் அடுக்கிப் போடுகிற அந்த மட்டமான நகைகளைக் கழற்றி எறியுங்கள் என்றார். பெண்கள் உடனே கட்டை மாற்றிக்கொண்டார்கள். உடம்பில் என்ன இருக்கிறது என்பது சாதியின் எழுத்து. அதை அழித்து எழுதுவது அவருக்கு அரசியல் வேலையாகப் பட்டது. ஆகவே ஒரு தலித் பெண் லிப்ஸ்டிக் போட்டால் உடனே ‘பொய் உணர்வு’ என்று பிரம்பெடுக்கிறவர்களோடு எனக்கு ஒட்டு இல்லை.

இப்போது இன்ஸ்டா பக்கத்துக்கு வருவோம்.

ஒரு தலித் பெண் காஞ்சிபுரத்தில் பார்லர் வைக்க வேண்டும் என்றால் முதலில் கடை வேண்டும். நல்ல தெருவில் கடை கேட்டால் முன்பணத்துக்கு முன்னாடி ‘எந்தத் தெருவுல இருக்கீங்க’ என்று கேட்பார்கள். பதில் சொன்னால் கடை வேறு ஆளுக்குப் பேசியாகிவிட்டது என்பார்கள். என் சித்தி மகள் ஒரு பார்லரில் வேலை கற்றுக்கொள்ளப் போனாள். எட்டு மாதம் தரை துடைத்தாள், துண்டு துவைத்தாள், முடி அள்ளினாள். திரெட்டிங் நூலைக் கையில் கொடுக்கவில்லை. கஸ்டமர் முகத்தைத் தொடுகிற வேலை அவளுக்கு வரவே இல்லை. இதில் ஒரு கேலிக்கூத்து உண்டு. அம்பட்டர் வேலை என்று கேவலமாகப் பேசின அதே வேலை, ஏசி போட்டுக் கண்ணாடிக் கதவு வைத்ததும் ‘பியூட்டிஷியன்’ ஆகி, தொழிலைப் பரம்பரையாகச் செய்தவர்களையும் வெளியே தள்ளி, சேரிப் பெண்ணையும் வாசலில் நிறுத்திவிட்டது.

இன்ஸ்டா பக்கத்துக்குத் தெரு இல்லை. வாடகை இல்லை. வீட்டு வாசலில் ஒரு ரிங் லைட், ஒரு பெட்டி, ஒரு போன் போதும். கல்யாண வீட்டுக்கு இவள்தான் போகப்போகிறாள், யாரும் இவள் தெருவுக்கு வரவேண்டியதில்லை. எல்லாவற்றையும்விட முக்கியம், படத்தின் மூலையில் இவள் பெயர் இருக்கிறது. வாட்டர்மார்க் என்கிறார்கள். அலங்கரித்த கைக்கு இந்த நாட்டில் ஒரு கையெழுத்து கிடைத்திருக்கிறது. நூறு குறை சொல்லப்போகிறேன் என்றாலும் இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. காஞ்சிப் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் ஊர் பெயர் இருக்கிறது, நெய்தவன் பெயர் இல்லை. சேலையில் கடைக்காரன் பெயர் இருக்கும்.

சினிமாவில் இந்தக் கையெழுத்து பெண்களுக்கு இல்லவே இல்லை. ‘மேக்கப்மேன்’ என்கிற சொல்லே அதைச் சொல்லிவிடும். பம்பாயில் மேக்கப் கலைஞர்கள் சங்கம், பெண்ணுக்கு முடி அலங்கார அட்டை மட்டும்தான், மேக்கப் அட்டை கிடையாது என்று அரை நூற்றாண்டுக்கு மேல் சட்டம் வைத்திருந்தது. மீறி வேலை செய்தால் அபராதம். சாரு குரானா என்ற கலைஞர் வழக்குப் போட்டு, 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த விதியைத் தூக்கி எறிந்தது. அதுவரைக்கும் பெண் முகத்துக்குப் பெண் பூசுவது சங்க விரோதம்.

சரி, கையெழுத்து கிடைத்துவிட்டது. எதற்குக் கீழே போடுகிறாள் என்று பார்க்க வேண்டும்.

இந்தப் பக்கங்களின் இலக்கணம் ஒன்றே ஒன்று: முன் – பின். இடது பக்கம் ஒரு முகம், வலது பக்கம் அதே முகம். இடதில் வெளிச்சம் இருக்காது, சிரிப்பு இருக்காது, தலை சீவியிருக்காது. டியூப்லைட்டுக்குக் கீழே நிற்கவைத்து எடுத்த ரேஷன் கார்டு படம் மாதிரி இருக்கும். வலதில் ரிங் லைட், நெற்றிச்சுட்டி, பட்டு, சிரிப்பு. இரண்டுக்கும் நடுவே மாறியது மேக்கப் என்று நாம் நம்ப வேண்டும். மாறியது வெளிச்சம். போனிலேயே தோலை வெளுக்கவைக்கிற பில்டர் இருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரீல்ஸில் இதுவே கதையாகிவிடும். கறுத்த முகம் காமிராவைப் பார்த்து முறைக்கும், பாட்டு ஒரு இடத்தில் அடிக்கும், அந்த அடியில் வெளுத்த முகம் வரும். இந்தக் கதையில் கறுப்பு என்பது ஒரு பிரச்சினை. தீர்வு வருவதற்காக மட்டுமே அது காட்டப்படுகிறது.

எல்லாச் சாதிப் பெண்ணும் கறுப்பாக இருக்கிறாள், எல்லாச் சாதிப் பெண்ணும் சிவப்பாக இருக்கிறாள். தமிழ்நாட்டில் நிறத்தை வைத்துச் சாதி சொல்ல முடியாது. ஆனால் நிறத்தை வைத்துச் சாதி சொல்கிற பழக்கம் இருக்கிறது. ‘பாத்தா காலனிப் பொண்ணு மாதிரியே தெரியல’ என்று பாராட்டுகிறவர்கள் நம்மைச் சுற்றி இருக்கிறார்களா இல்லையா? அப்படி இருக்கும்போது முன் – பின் என்கிற ஜோடி வெறும் அழகுக் கணக்காக இருக்க முடியாது.

இதைப் பற்றித் திருப்பருத்திக்குன்றம் பக்கத்துக் காலனியில் இருந்து தொழில் செய்கிற ஒரு பெண்ணிடம் பேசினேன். பெயர் வேண்டாம் என்றாள். பேச்சை அப்படியே தருகிறேன்.

“முன்னாடி படம் போடலைன்னா எவன் நின்னு பாக்கறான் அக்கா? கறுப்பா இருக்கறவளை வெளுப்பாக்கிக் காட்டுனாத்தான் இவளுக்கு வேலை தெரியும்னு போன் பண்றாங்க. செவப்பா இருக்கற பொண்ணுக்குப் போட்டா, அது ஏற்கெனவே அழகுதானே, நீ இன்னா பண்ணேன்றாங்க. மாடல் வெச்சு சூட் பண்ணலாம். மாடலுக்குக் காசு, பட்டு வாடகை, நகை வாடகை, போட்டோகிராபருக்குக் காசு. நான் எங்க போவேன்? எங்க அம்மாவை ஒக்கார வெச்சேன். பொறகு தங்கச்சி. அப்பறம் எதுத்த ஊட்டு அண்ணி. எம் பேஜ்ல மொத மொத முன் படம் எங்க அம்மாதான்.”

விமர்சனம் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். காசு இருக்கிறவள் மாடலை வரவழைக்கிறாள். அந்த மாடல் பெரும்பாலும் சிவந்த தோலாகத்தான் இருப்பாள், ஏனென்றால் அவளிடம் எதைப் பூசினாலும் படம் நன்றாக வரும். காசு இல்லாதவள் தன் வீட்டு முகத்தை எடுக்கிறாள். எடுத்து, அதை ‘முன்’ என்று எழுதி இடது பக்கம் வைக்கிறாள். இன்ஸ்டாகிராம் அவளிடம் வாடகை கேட்கவில்லை என்று சொன்னேன். வாடகை இதுதான்.

இன்னொரு சின்ன விஷயம். ரீல்ஸில் மணப்பெண்ணின் முகத்துக்குப் பக்கத்தில் ஒரு கை வந்து போகும். பிரஷ் பிடித்த கை. கலைஞரின் கை. அந்தக் காட்சி முழுவதிலும் பூச்சுப் பூசாத தோல் அது ஒன்றுதான். நான் பார்த்த பல பக்கங்களில் அந்தக் கையைக் காட்டாமல் வெட்டியிருக்கிறார்கள், அல்லது கையுறை போட்டிருக்கிறார்கள், அல்லது கையும் சேர்ந்து பில்டரில் வெளுத்திருக்கிறது. சுத்தத்துக்குக் கையுறை என்பார்கள், கொரோனாவுக்குப் பிறகு பழக்கமாகிவிட்டது என்பார்கள். இருக்கலாம். எனக்கென்னவோ அந்தக் கறுத்த கையும் அந்த வெளுத்த கன்னமும் ஒரே படத்தில் இருப்பதுதான் இந்தப் பக்கங்களிலேயே உண்மையான படம் என்று தோன்றுகிறது. ஊர்ப் பெண்ணின் கன்னத்தை, கல்யாணத்தன்று, மேளச் சத்தத்துக்கு நடுவே, சேரிப் பெண்ணின் கை தொடுகிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கையை வெட்டியிருப்பார்கள். இப்போது வீடியோவில் வெட்டுகிறார்கள்.

அடுத்து ‘லுக்’. கோர்ஸ் நடத்துகிறவர்கள் போடும் பாடப் பட்டியலைப் பாருங்கள். பிராமின் பிரைடல், அதில் ஐயர் மடிசார் தனி, ஐயங்கார் மடிசார் தனி. தெலுங்கு பிரைடல். முஸ்லிம் பிரைடல். கிறிஸ்டியன் பிரைடல். மலையாளி பிரைடல். நம் பெண் எங்கே இருக்கிறாள்? அவளுக்கு லுக் கிடையாது. கோயிலில் கட்டினால் ‘இந்து’, சர்ச்சில் கட்டினால் ‘கிறிஸ்டியன்’. இரண்டிலும் அவள் வேறு யாரோ மாதிரி உடுத்திக்கொள்ள வேண்டும். ‘டெம்பிள் ஜுவல்லரி’ என்று ஒன்று. தாத்தா காலத்தில் நம்மை உள்ளே விடாத கோயிலின் பெயரால் கவரிங் நகையைத் தினவாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொள்கிறோம். போடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. தடை போட்டதையெல்லாம் எடுத்துப் போடுவதில் ஒரு பழிவாங்கல் சந்தோஷம் உண்டு, அது எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒன்றைக் கேட்கலாம் அல்லவா? மராட்டியத்தில் அம்பேத்கரைப் பின்பற்றிப் பௌத்தரானவர்கள் கல்யாணத்தில் பெண் வெள்ளைச் சேலை கட்டுகிறாள். 2023இல் வந்த ‘மேட் இன் ஹெவன்’ தொடரில் நீரஜ் கைவான் இயக்கிய ஒரு பகுதியில், ராதிகா ஆப்தே அப்படி வெள்ளைச் சேலை கட்டி நிற்பது நாடெங்கும் பேசப்பட்டது. நம் ஊரிலும் சுயமரியாதைத் திருமணங்கள் நடக்கின்றன. காஞ்சிபுரம் அண்ணா பிறந்த ஊர், 1967இல் அவர் ஆட்சி வந்ததும்தான் அந்தத் திருமணத்துக்குச் சட்டம் செய்தார்கள். ஆனால் இவ்வளவு பக்கங்களில் ‘சுயமரியாதை பிரைடல்’ என்று ஒரு படம் என் கண்ணில் படவில்லை.

நிறத்துக்கு எதிராகக் குரல்கள் வராமல் இல்லை. சென்னையில் 2009இல் கவிதா இம்மானுவேல் ‘கறுப்பே அழகு’ என்ற பிரச்சாரத்தைத் தொடங்கினார். 2016இல் அமெரிக்காவில், டெக்சஸ் பல்கலைக்கழகத்தில், ஈழத்தமிழ் சகோதரிகள் மிருஷா, யனுஷா யோகராஜா ஆகிய இருவரையும் பாக்ஸ் ஜோன்ஸ் என்ற கறுப்பின மாணவி படம் எடுத்து ‘அன்பேர் அண்ட் லவ்லி’ என்று பெயர் வைத்தார். உலகம் முழுக்கக் கறுத்த பெண்கள் அந்தப் பெயரைப் போட்டுத் தங்கள் முகங்களை ஏற்றினார்கள். 2017இல் சென்னைக் கலைஞர்கள் நரேஷ் நீல், பரத்வாஜ் சுந்தர் இருவரும் சாமிகளைக் கறுப்புத் தோலில் படம் எடுத்துப் போட்டார்கள். லட்சுமி கறுப்பாக இருந்தாள், படம் நன்றாகவே இருந்தது. ஆனால் கறுப்பாக ஆவதற்குச் சாமியாக வேண்டியிருக்கிறது என்பதை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். கடைசியில் 1975இல் சந்தைக்கு வந்த ‘பேர் அண்ட் லவ்லி’யே 2020இல், அமெரிக்காவில் கறுப்பின மக்கள் தெருவில் இறங்கிய பிறகு, பெயரை மாற்றிக்கொண்டது. ‘பேர்’ போய் ‘குளோ’ வந்தது. நம் ஊர்ப் பக்கங்களிலும் இப்போது ‘பேர் லுக்’ குறைந்துவிட்டது. ‘குளோயிங் பிரைட்’ என்று எழுதுகிறார்கள். படம் அதே படம்தான்.

தொழில் தெரிந்தவர்கள் வேறு ஒன்று சொல்வார்கள். கறுத்த தோலுக்கு மேக்கப் போடுவதில்தான் வேலை தெரியும் என்பார்கள். வெளுக்கடிப்பது வேலை தெரியாதவர்கள் செய்வது. இரண்டு ஷேடு கம்மியான பவுண்டேஷனைப் பூசினால் கறுத்த முகம் சாம்பல் பூத்துப் போகும், கழுத்து வேறு நிறத்தில் தனியாக நிற்கும். கண்ணுக்குக் கீழே கருவளையத்துக்கு ஆரஞ்சு கலந்த திருத்தி முதலில் வைக்க வேண்டும், வைக்காமல் மேலே வெளிர் நிறத்தை அப்பினால் சாம்பல்தான். டைட்டானியம் டை ஆக்சைடு கலந்த கிரீமைப் போட்டுவிட்டு பிளாஷ் அடித்தால் ஆல்பத்தில் பெண் சுண்ணாம்பு அடித்த மாதிரி வருவாள். இதெல்லாம் கையில் இருக்கிற அறிவு. ஆனால் இந்த அறிவை வைத்துக்கொண்டு வேலை செய்ய அவளுக்குச் சரக்கு கிடைப்பதில்லை. மொபசல் கடைகளில் கறுத்த ஷேடு வைக்கமாட்டார்கள், ‘போறதில்லைம்மா’ என்பார்கள். ரிஹானா என்ற பாடகி 2017இல் நாற்பது ஷேடுகளோடு ஒரு கம்பெனி ஆரம்பித்தபோது, கறுத்த ஷேடுகள்தான் முதலில் தீர்ந்துபோயின என்று அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. அந்த டப்பா விலைக்கு இவள் இரண்டு கல்யாணம் பண்ண வேண்டும். ஆகவே இரண்டு மலிவு டப்பாக்களைக் கலந்து புறங்கையில் குழைத்துத் தாடையோரம் தடவிப் பார்த்துத் தானே ஒரு ஷேடு உண்டாக்குகிறாள். இந்தக் கலவையை யாராவது ரீல்ஸில் காட்டியிருக்கிறார்களா? அதைக் காட்டினால் வேலை தெரிந்தவள் என்று தெரியும். ஆனால் பாட்டின் அடிக்குள் அது அடங்காது.

காமிராவுக்கும் இதில் பங்கு உண்டு. கோடாக் கம்பெனி தன் கலர் பிலிமின் நிறத்தைச் சரிபார்க்க வெகுகாலம் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தைத்தான் வைத்திருந்தது. ‘ஷர்லி கார்டு’ என்று பெயர். கறுத்த முகம் சரியாக விழவில்லை என்று கறுத்த மக்கள் சொன்னது கம்பெனி காதில் ஏறவில்லை. மரச்சாமான் விற்கிறவர்களும் சாக்லெட் விற்கிறவர்களும் எங்கள் சரக்கின் பழுப்பு நிறம் பிலிமில் சரியாக வரவில்லை என்று புகார் சொன்ன பிறகுதான் மாற்றினார்கள்.

கறுப்பின மக்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். பெர்னிஸ் ராபின்சன். அமெரிக்காவில் தென் கரோலினாவைச் சேர்ந்த அழகுக்கலைத் தொழிலாளி. கறுப்பர்கள் ஓட்டுப் போட எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று அங்கே சட்டம். 1957 ஜனவரியில் ஜான்ஸ் தீவில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க முதல் குடியுரிமைப் பள்ளி தொடங்கியபோது, வாத்தியாரம்மாவாக அந்தப் பார்லர்காரியைத்தான் போட்டார்கள். பள்ளி ஆசிரியர் என்றால் வெள்ளை அதிகாரி வேலையை விட்டுத் துரத்திவிடுவான். பார்லர்காரியைத் துரத்த முடியாது. அவள் கஸ்டமர்கள் எல்லோரும் கறுப்பினப் பெண்கள். அவள் சோற்றில் கைவைக்க வெள்ளைக்காரனால் ஆகாது.

நம் பெண்ணின் நிலைமை இதற்கு நேர் எதிர். காலனிக் கல்யாணங்களை மட்டும் நம்பினால் அவளுக்கு வயிறு நிரம்பாது. ஊர்க் கல்யாணம் வேண்டும். ஊர்க் கல்யாணம் வேண்டுமென்றால் பக்கத்தில் அம்பேத்கர் படம் இருக்கக் கூடாது, ஏப்ரல் 14க்கு நீலச் சேலை கட்டி எடுத்த படம் இருக்கக் கூடாது, அண்ணன் கட்சிக் கொடியோடு நிற்கிற படத்தில் இவளை யாரும் டேக் பண்ணக் கூடாது. நான் பேசிய பெண் இரண்டு பக்கம் வைத்திருக்கிறாள். ஒன்று தொழிலுக்கு. இன்னொன்று பூட்டுப் போட்டது, அதில்தான் ஜெய்பீம் இருக்கிறது. ஒரே ஆளைச் சேரியாகவும் ஊராகவும் இரண்டாகப் பிரித்துக் குடிவைத்திருக்கிறார்கள்.

பக்கமே அவளுடையது இல்லை என்பதும் உண்டு. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளை அரசாங்கம் தடை செய்தது. ஒரே ராத்திரியில் பேர்பாதிச் சனங்களின் கடை காணாமல் போயிற்று. டிக்டாக்கில் இருந்தது ஏழைச் சனங்களின் மூஞ்சி. வயல்காட்டில் நின்று ஆடினவர்கள், கொத்துவேலை செய்துகொண்டே பாடினவர்கள். படித்தவர்கள் அதைப் பார்த்து ‘லோக்கல்’ என்று சிரித்தார்கள். ஒரு வாரத்துக்கெல்லாம் இன்ஸ்டாகிராம் ரீல்ஸைக் கொண்டுவந்தது. அங்கே போன நம் பெண்கள் முதலில் கற்றுக்கொண்டது லோக்கலாகத் தெரியாமல் இருப்பது எப்படி என்பதை.

இந்தப் பக்கங்களில் பட்டுக் கட்டிய பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பட்டு நெய்த பெண் ஒருத்தியும் இல்லை. 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கை, பட்டுத் தொழிலில் முன்பணத்துக்கு அடமானமாக வைக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றியது. அதில் காஞ்சிபுரமும் இருந்தது, குழந்தைகளில் பலர் தலித் பிள்ளைகள். அந்தத் தறிகளில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு இன்றைக்கு முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். அவர்களுடைய முகங்கள் எந்தப் பக்கத்திலாவது இருக்குமானால் அது இடது பக்கமாகத்தான் இருக்கும். பிரியதர்ஷன் எடுத்த ‘காஞ்சிவரம்’ படம் மகளுக்குப் பட்டு உடுத்த ஆசைப்பட்ட நெசவாளியைக் காட்டி 2007ஆம் வருஷத்துக்கான தேசிய விருது வாங்கியது. அந்த நெசவாளிக்கு உதவியாகப் பாவு பிணைத்த பையன் யார் என்று அந்தப் படமும் கேட்கவில்லை.

நான் பேசிய பெண்ணிடம் இந்தக் குறைகளையெல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “நீங்க எழுதுங்கக்கா, எனக்கு ஈஎம்ஐ கீது” என்றாள். நியாயம்தான். ஆனால் அடுத்த வாரம் அவள் பக்கத்தில் ஒரு மாற்றம் பார்த்தேன். அம்மாவின் படத்தில் ‘முன்’ என்கிற சொல்லை எடுத்துவிட்டிருந்தாள். படத்தை எடுக்கவில்லை. காலை வெயிலில், கழுத்தும் தோளும் கையும் சேர்ந்து தெரிகிற மாதிரி அம்மாவைப் புதிதாக ஒரு படம் எடுத்து அதற்கு அடுத்ததாகப் போட்டிருந்தாள். கன்னமும் கழுத்தும் ஒரே நிறம். அம்மாவின் நிறம். பார்த்தவர்கள் கம்மி. இரண்டு பேர் மேக்கப் போட்ட மாதிரியே தெரியலியே என்று எழுதியிருந்தார்கள். திட்டுகிறார்களா பாராட்டுகிறார்களா என்று அவளுக்கே புரியவில்லை.

தை மாதத்துக்குப் பதினோரு முகூர்த்தம் எழுதி வைத்திருக்கிறாள். காசு முன்பணமாகவே வந்துவிடுகிறது, அதில் பிரச்சினை இல்லை. டேக் பண்ணுவதுதான் பிரச்சினை. ஆல்பம் வந்ததும் சேலைக் கடை, நகை வாடகைக் கடை, பூக்கடை, போட்டோகிராபர் எல்லோரையும் குறித்துவிட்டு இவள் பெயரை விட்டுவிடுகிற வீடுகள் உண்டு. கேட்டால் மறந்துட்டோம் என்பார்கள். இந்தப் பதினொன்றில் எத்தனை பேர் பண்ணுவார்கள் என்று கேட்டேன்.

“காலனிப் பொண்ணுங்க மூணு பேரும் பண்ணிடும். மீதி, கல்யாணம் முடிஞ்சாத்தான் தெரியும்” என்றாள்.